இளவரசனுக்கு ஏன் அவள் முகம் ஞாபகமில்லை?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். உங்கள் மகளுக்குப் பத்து வயது. சின்ட்ரெல்லா, ஸ்னோ ஒயிட், கடற்கன்னி எல்லாரும் அவளுக்குத் திரைப்படம் வழியாகத்தான் பழக்கம். போன வாரம் சின்ட்ரெல்லா பார்த்துக்கொண்டிருந்தவள், "ராத்திரி முழுக்க அவகூடத்தான் ஆடினான், அப்புறம் ஏன் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்காம செருப்பை வெச்சுத் தேடுறான்?" என்று கேட்டிருக்கிறாள். உங்களிடம் பதில் இல்லை. தேடிப் போன இடத்தில், பழைய தேவதைக் கதைகளைப் புதிதாக எழுதிய சிறுவர் நாவல்கள் கண்ணில் பட்டிருக்கின்றன. எட்டிலிருந்து பன்னிரண்டு வயது வரைக்கானவை, 'மிடில் கிரேடு' என்று பதிப்பாளர்கள் சொல்லும் வகை. வாங்கிக் கொடுக்கலாமா, மூலக்கதை கெட்டுப்போகாதா, எதை முதலில் படிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பார்த்தால் புத்தகப் பட்டியல் கேட்பதுபோல இருக்கிறது. உள்ளே இருக்கும் கவலை வேறு என்று எனக்குப் படுகிறது: சின்ன வயதில் மனதில் விழுந்த கதையில் வேறொருவர் கைவைத்தால், குழந்தைக்குக் கிடைக்கவேண்டிய ஏதோ ஒன்று கைநழுவிப் போய்விடுமோ என்பதுதான் அது.

நான் பள்ளி நூலகராக 23 ஆண்டுகள் வேலை பார்த்தவள். நான்காம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்பு வரை வாரம் ஒரு பாடவேளை பிள்ளைகள் நூலகத்துக்கு வருவார்கள். அதில் பாதி நேரம் நான் வாசித்துக் காட்டுவேன், மீதி நேரம் அவர்களே எடுத்துப் படிப்பார்கள். இந்த வகை நாவல்களை அந்த மேஜையில் வைத்துத்தான் எனக்குப் பழக்கம். குழந்தை மனநலம் நான் படித்ததில்லை. ஒரு புத்தகம் ஒரு குழந்தைக்குள் போய் என்ன செய்யும் என்று முன்கூட்டிச் சொல்ல என்னால் முடியாது. கண்ணால் பார்த்ததையும், கதைகளின் வரலாற்றில் ஐயமில்லாமல் தெரிந்ததையும் சொல்கிறேன்.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் 'மூலக்கதை' என்று சொல்கிற ஒற்றைக் கதை எங்கேயும் கிடையாது. சின்ட்ரெல்லாவையே எடுத்துக்கொள்ளுங்கள். பூசணிக்காய் வண்டி, கண்ணாடிச் செருப்பு, தேவதை ஞானத்தாய் எல்லாம் 1697இல் பிரான்சில் ஷார்ல் பெரோ எழுதிய வடிவத்தில் வருபவை. அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே இத்தாலியில் ஜாம்பட்டிஸ்டா பசீலே தொகுத்த கதைகளில் ஒரு சாம்பல் பெண் இருக்கிறாள். 1812இலிருந்து ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் வெளியிட்டுவந்த தொகுப்பில் தேவதையும் கிடையாது, பூசணியும் கிடையாது. அம்மாவின் கல்லறையில் வளர்ந்த மரமும் அதில் வந்து உட்காரும் பறவையும்தான் உடை கொடுக்கின்றன. இன்னும் பின்னால் போனால், ஒன்பதாம் நூற்றாண்டுச் சீனாவில் துவான் செங்ஷி எழுதிவைத்த யே ஷியென் கதை. அங்கே உதவி செய்வது ஒரு மீனின் எலும்புகள். தொலைவது தங்கச் செருப்பு. உங்கள் மகள் பார்த்த படம் அநேகமாக 1950இல் வந்த டிஸ்னி படமாகவோ அதன் வழி வந்ததாகவோ இருக்கும். அதுவும் பெரோவை மாற்றிச் சொன்ன வடிவம்தான்.

கிரிம் சகோதரர்களே தங்கள் கதைகளை விட்டுவைக்கவில்லை. 1812இலிருந்து 1857 வரை ஏழு பதிப்புகள் கொண்டுவந்தார்கள். பதிப்புக்குப் பதிப்பு திருத்தினார்கள். முதல் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொல்வது பெற்ற தாய். ஹான்சலையும் கிரேட்டலையும் காட்டில் விட்டுவிடச் சொல்வதும் பெற்ற தாய்தான். பெற்றவள் அப்படிச் செய்வாளா என்ற சங்கடம் வந்திருக்க வேண்டும், பிந்தைய பதிப்புகளில் இருவரும் சிற்றன்னை ஆகிவிட்டார்கள். வைக்கோலைத் தங்கமாக நூற்கும் ரம்பெல்ஸ்டில்ட்ஸ்கின் முதல் பதிப்பில் கோபித்துக்கொண்டு ஓடிப்போகிறான், அவ்வளவுதான். தன்னையே இரண்டாகக் கிழித்துக்கொள்வது பிறகு சேர்ந்தது. தவளை இளவரசனை முத்தம் கொடுத்து மனிதனாக்குவதாகத்தான் நம் எல்லாருக்கும் ஞாபகம். கிரிம் கதையில் இளவரசி எரிச்சல் தாங்காமல் அவனைச் சுவரில் தூக்கி அடிக்கிறாள். ஸ்னோ ஒயிட்டை எழுப்புவதும் முத்தம் கிடையாது. பெட்டியைச் சுமந்துபோகிறவர்கள் கால் இடறிக் குலுங்க, தொண்டையில் சிக்கியிருந்த ஆப்பிள் துண்டு வெளியே வந்து விழுகிறது. ஆகவே, புதிதாக எழுதுவதால் கதை கெட்டுவிடும் என்ற பயம் வேண்டாம். இது என் கருத்து என்றுகூடச் சொல்ல மாட்டேன், அச்சில் இருக்கும் வரலாறு.

இனிச் சந்தேகத்துக்குரியவை. கண்ணாடிச் செருப்பு என்பதே ஒரு தவறு, அணில் மென்மயிர்ச் செருப்பு என்பதைக் காதில் வாங்கியவர் கண்ணாடி என்று எழுதிவிட்டார் என்று ஒரு கதை பல இடங்களில் உலவுகிறது. பிரெஞ்சில் அந்த இரண்டு சொற்களும் ஒரே மாதிரி ஒலிக்கும் என்பது உண்மை. ஆனால் பெரோ கண்ணாடி என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார். பொருள் தெரிந்தே எழுதினார் என்பதுதான் பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. அதேபோல, பழைய கதைகளின் கொடூரத்தை அப்படியே சொன்னால்தான் குழந்தை மனம் பயத்தைக் கையாளக் கற்றுக்கொள்ளும் என்று 1976இல் புரூனோ பெட்டல்ஹைம் எழுதிய புத்தகத்தைக் காட்டி ஒரு வாதம் வரும். அது உளப்பகுப்பாய்வு வழியில் அவர் செய்த விளக்கம். படிக்கத் தகுந்த விளக்கம்தான், ஆனால் சோதித்து நிறுவப்பட்ட ஒன்றாக அதை எடுத்துக்கொண்டு, பயப்படுகிற பிள்ளைக்குக் கட்டாயமாக வாசித்துக் காட்ட வேண்டாம்.

சரி, நாவல்களுக்கு வருகிறேன். இத்தனை ஆண்டுகளில் எனக்குள் ஊறிப்போன ஓர் அளவுகோல் இருக்கிறது. பழைய கதைகள் சுருக்கமானவை, நான்கைந்து பக்கம்தான். அந்தச் சுருக்கத்தில் அங்கங்கே ஓட்டைகள் இருக்கும். பெரியவர்கள் அவற்றைப் பார்க்காமலே தாண்டிப் போய்விடுவோம். பிள்ளைகள் நேராக அங்கே போய் விரலை விடுவார்கள். உங்கள் மகள் செய்தது அதுதான். நல்ல மறுபுனைவு அந்த மாதிரி ஓர் ஓட்டையிலிருந்து தொடங்கி, அதற்குக் கதையின் விதிகளுக்குள்ளேயே நேர்மையாகப் பதில் தேடும். ஓட்டையைக் கவனிக்காமல், இளவரசி கையில் வாளைக் கொடுத்து, நாலு நகைச்சுவை வசனம் சேர்த்துவிட்டால் போதும் என்று நினைக்கும் நாவல்களும் வருகின்றன. அவற்றை ஒரு பிள்ளை இரண்டாம் முறை எடுத்து நான் பார்த்ததில்லை.

இதற்கு நான் எப்போதும் முதலில் எடுக்கிற உதாரணம், 1997இல் அமெரிக்க எழுத்தாளர் கெயில் கார்சன் லெவின் எழுதிய 'எலா என்சான்டட்'. (அந்தப் பெண்ணின் பெயரை 'எல்லா' என்று எழுதினால் தமிழில் வேறு சொல் ஆகிவிடுகிறது, அதனால் எலா என்றே எழுதுகிறேன்.) மறு ஆண்டு, அமெரிக்காவில் சிறுவர் நூல்களுக்குத் தரப்படும் நியூபெரி பரிசுத் தேர்வில் கௌரவ இடம் பெற்ற புத்தகம். சின்ட்ரெல்லாவை எழுத உட்கார்ந்த லெவினுக்கு அந்தப் பெண்ணோடு ஒத்துப்போக முடியவில்லை. சொன்ன வேலை எல்லாவற்றையும் முகம் கோணாமல் செய்யும் இவள் எப்படிப்பட்ட மனுஷி, ஏன் ஒரு தடவைகூட முடியாது என்று சொல்லவில்லை? அதற்கு அவர் கண்டுபிடித்த பதில்தான் நாவல்: அவளால் முடியாது என்று சொல்ல முடியாது. பிறந்தபோது அழுதுகொண்டே இருந்த குழந்தைக்கு லூசிண்டா என்ற தேவதை 'கீழ்ப்படிதல்' என்பதை வரமாகக் கொடுத்துவிடுகிறாள். யார் கட்டளையிட்டாலும் எலா செய்தே ஆக வேண்டும்.

தன்மேல் அப்படி ஒன்று இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவரும் இடத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். ஐந்தாவது பிறந்தநாள். சமையல்காரி மாண்டி கேக் செய்து ஒரு துண்டு வெட்டிக் கொடுத்து, ஆசையாக "சாப்பிடு" என்கிறாள். முதல் துண்டு இனிக்கிறது. இரண்டாவது கஷ்டமாக இருக்கிறது. அதற்குமேல் யாரும் வைக்கவில்லை, ஆனால் அவள் கை நேராக முழு கேக்குக்குள் போகிறது. பிறந்தநாள்தானே, வேண்டிய அளவு சாப்பிடட்டும் என்று சிரித்துக்கொண்டே இன்னும் ஒரு துண்டு வைக்கிறாள் மாண்டி. குழந்தைக்குக் குமட்டுகிறது, பயமாக இருக்கிறது, நிறுத்த முடியவில்லை. கடைசியில் அம்மா "சாப்பிட்டது போதும், நிறுத்து" என்று சொன்ன பிறகுதான் கை நிற்கிறது. ஒரே பக்கம்தான். சூனியக்காரி இல்லை, மந்திரக்கோல் இல்லை, மிரட்டல் இல்லை. நம்மை நேசிக்கிறவர்கள் வாயிலிருந்து வரும் ஒரு சாதாரண வார்த்தை எப்படி ஒரு குழந்தையைக் கட்டிப்போடுகிறது என்று அந்தப் பக்கம் காட்டிவிடுகிறது.

இதை ஒரு முறை ஐந்தாம் வகுப்பில் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தேன். "சாப்பிடு" என்ற சொல் வந்ததும் வகுப்பில் சத்தம் அடங்கிவிட்டது. நம் வீடுகளில் அன்புக்கும் அதட்டலுக்கும் பொதுவான சொல் அல்லவா அது. பின் பெஞ்சில் இருந்த ஒரு பெண், "போதும்னு வாயால சொல்லக்கூடவா முடியாது அவளால?" என்று கேட்டாள். பக்கத்தில் இருந்தவள் அவளிடம், "நீ மட்டும் உங்க பாட்டிகிட்ட சொல்லிடுவியா?" என்றாள். அந்த உரையாடலுக்குப் பிறகு நான் கேள்வித்தாள் மாதிரி எதுவும் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இருக்கவில்லை. 'சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை' என்பதை நாம் எவ்வளவு பெரிய பாராட்டாக வைத்திருக்கிறோம் என்பதை நினைத்துப் பார்த்தால், அமெரிக்காவில் எழுதப்பட்ட இந்தப் புத்தகம் இங்கே ஏன் அவ்வளவு ஆழமாக இறங்குகிறது என்று புரியும். எலா முரண்டு பிடிக்கும் விதமும் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். கிண்ணத்தைப் பிடி என்றால் பிடிப்பாள். ஆனால் காலை நகர்த்திக்கொண்டே போவாள், மாண்டி பின்னாலேயே சுற்றிவர வேண்டியிருக்கும். கட்டளையில் சொல்லாமல் விட்டது எதுவோ அதற்குள் நுழைந்து தப்பிப்பது. முடிவை இங்கே சொல்லப் போவதில்லை. ஆனால் அவளை விடுவிப்பது இளவரசனும் அல்ல, செருப்பும் அல்ல. ஒன்று சொல்லிவிடுகிறேன்: இதே பெயரில் 2004இல் வந்த திரைப்படம் புத்தகத்திலிருந்து ரொம்ப விலகிப்போன ஒன்று. அதைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை எடைபோட வேண்டாம்.

இரண்டாவதாக, லீஸல் ஷர்ட்லிஃப் 2013இல் எழுதிய 'ரம்ப்'. ரம்பெல்ஸ்டில்ட்ஸ்கின் கதையில், ஆலைக்காரன் மகளுக்காக வைக்கோலைத் தங்கமாக நூற்றுக் கொடுக்கும் குள்ளன், கூலியாகச் சங்கிலியும் மோதிரமும் வாங்கிக்கொண்டு, கடைசியில் அவளுடைய முதல் குழந்தையையே கேட்கிறான். அதை நான் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் தவறாமல் கேட்கும் கேள்வி: "தங்கமே பண்ணத் தெரிஞ்சவனுக்கு மோதிரமும் சங்கிலியும் எதுக்கு? அடுத்தவங்க குழந்தை எதுக்கு?" பழைய கதையில் பதில் கிடையாது, அவன் கெட்டவன், அவ்வளவுதான். ஷர்ட்லிஃப்பின் நாவலில் அவன் தங்கச் சுரங்க மலையில் பாட்டியோடு வாழும் பையன். மனிதருடைய விதி பெயரில் இருக்கும் ஊர் அது. பெற்ற அம்மா பெயரின் முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டு இறந்துவிட்டதால் அவனுக்குப் பாதிப் பெயர்தான். அந்தப் பாதிக்கு ஆங்கிலத்தில் பின்புறம் என்று பொருள். ஊர்ப் பிள்ளைகள் அவனை விடுவார்களா? அம்மாவின் ராட்டை கைக்கு வருகிறது, வைக்கோல் தங்கமாகிறது. ஆனால் அந்த மந்திரத்துக்கு ஒரு விதி: தங்கத்துக்கு மாற்றாக எதிராளி எதைக் கொடுப்பதாகச் சொன்னாலும் அவன் மறுக்காமல் ஏற்க வேண்டும், பேரம் பேச முடியாது. அதனால்தான், அழுதுகொண்டிருக்கும் ஆலைக்காரன் மகள் தன் முதல் குழந்தையைத் தருவதாகச் சொல்லும்போது அவன் பதறிப்போகிறான். பழைய கதையின் முக்கியச் சம்பவங்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. வில்லன் இருந்த இடத்தில் மாட்டிக்கொண்ட ஒரு பையன் இருக்கிறான். கதை கெட்டுவிடுமோ என்று கேட்டீர்களே, அதற்கு என் பதிலாக இந்தப் புத்தகத்தைத்தான் நீட்டுவேன். இதைப் படித்த பிள்ளைகள் மறுபடி கிரிம் கதையைத் தேடி எடுத்து, எங்கெங்கே பொருந்துகிறது என்று விரல் வைத்துச் சரிபார்ப்பதைப் பார்த்திருக்கிறேன்.

நீளமாகப் படிக்கத் தயங்குகிற பிள்ளையாக இருந்தால் பிலிப் புல்மனின் 'ஐ வாஸ் எ ராட்!' (1999) நல்ல தொடக்கம். ஒரு ராத்திரி, செருப்புத் தைக்கும் முதியவரும் அவர் மனைவியும் கதவைத் திறந்தால், கிழிந்த ஏவலாள் உடுப்போடு ஒரு சின்னப் பையன் நின்று "நான் எலியா இருந்தேன்" என்கிறான். சின்ட்ரெல்லாவுக்காக ஆளாக மாற்றப்பட்டு, திரும்ப எலியாக மாறாமல் விடுபட்டுப்போன ஒருவன். சின்ட்ரெல்லா அதில் ஓரமாகத்தான் வருகிறாள். கையில் கிடைத்ததை எல்லாம் கொறிக்கிற அந்தப் பையனை மருத்துவர், பள்ளி, காவல்துறை, செய்தித்தாள் என்று ஊரே என்ன செய்கிறது என்பதுதான் கதை.

ஆன் உர்சுவின் 'பிரெட்கிரம்ஸ்' (2011) பற்றிச் சொல்லாமல் விட முடியாது, நான் மிக அதிகமாக நேசிக்கும் புத்தகம் அது. டென்மார்க் எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1844இல் எழுதிய பனி ராணி கதை அதன் அடித்தளம். அந்தக் கதையில் காய் என்ற பையன் கண்ணில் ஒரு மாயக் கண்ணாடித் துகள் விழுந்து, நேற்றுவரை கூடவே விளையாடிய கெர்டாவை அவனுக்குப் பிடிக்காமல் போய்விடுகிறது. அவள் அவனைத் தேடிக்கொண்டு பனிக்குள் போகிறாள். உர்சு இதை இன்றைய அமெரிக்க நகரமான மினியாபொலிஸில் வைக்கிறார். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் ஹேசல், அவள் நண்பன் ஜாக். ஹேசல் இந்தியாவிலிருந்து தத்தெடுக்கப்பட்டவள். அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார். புதிய பள்ளியில் யாரோடும் ஒட்டவில்லை. ஒருநாள் ஜாக் அவளோடு பேசுவதை நிறுத்திவிடுகிறான். பெரியவர்கள், இந்த வயதில் பையன்களும் பெண்களும் இப்படிப் பிரிவது சகஜம் என்கிறார்கள். அவன் கண்ணில் கண்ணாடி விழுந்திருப்பது வாசிக்கிற நமக்கு மட்டும் தெரியும். திடீரென்று பேச்சை நிறுத்திவிட்ட தோழியை நினைத்துக்கொண்டு நூலக மூலையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலர் கையில் இதை வைத்தேன். ஒருத்தி இரண்டு வாரம் கழித்துத் திருப்பிக் கொடுக்கும்போது எதுவும் பேசவில்லை. அடுத்த நாள் வந்து அதையே மறுபடி எடுத்துக்கொண்டு போனாள். புத்தகம் அவளுக்கு உதவியது என்று நான் சாட்சி சொல்ல முடியாது. மறுபடி எடுத்தாள் என்பது மட்டும் தெரியும். உங்கள் மகளுக்கு இதைக் கொஞ்சம் தள்ளி, பதினொரு வயதில் கொடுங்கள். இரண்டாம் பாதியில் வரும் காடு சோகமானது, வேகமும் குறைவு.

பயத்தைப் பற்றி நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனாலும் இந்த வகையில் அதைத் தொடாமல் போக முடியாது. ஆடம் கிட்விட்ஸின் 'எ டேல் டார்க் அண்ட் கிரிம்' (2010) ஹான்சலையும் கிரேட்டலையும் வேறு சில கிரிம் கதைகளுக்குள் அனுப்புகிறது. தொடக்கத்திலேயே, விசுவாசமான ஒரு பணியாளை உயிர்ப்பிக்க அப்பா தன் இரண்டு பிள்ளைகளின் தலையை வெட்டுகிறார். அவர்கள் உயிரோடு திரும்பி வருகிறார்கள், விஷயம் தெரிந்ததும் இதைவிட நல்ல பெற்றோரைத் தேடி வீட்டைவிட்டுக் கிளம்புகிறார்கள். அந்த வெட்டு கிட்விட்ஸ் கற்பனை செய்தது இல்லை, 'விசுவாசமுள்ள யோஹானஸ்' என்ற கிரிம் கதையில் அப்படியே இருக்கிறது. அவர் எழுப்பும் கேள்விதான் புதியது: வெட்டுப்பட்ட பிள்ளைகள் பிறகு அதே அப்பாவோடு எப்படிச் சாப்பிட உட்கார்ந்தார்கள்? கதைசொல்லி நடுநடுவே குறுக்கிட்டு, சின்னப் பிள்ளைகள் இருந்தால் அறையைவிட்டு அனுப்பிவிடுங்கள் என்று எச்சரிப்பார். பத்து வயதில் இதை விழுந்து விழுந்து படித்தவர்களும் உண்டு, மூன்றாம் பக்கத்தில் மூடியவர்களும் உண்டு. யார் எந்தப் பக்கம் என்று முகத்தைப் பார்த்து என்னால் ஒருநாளும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. இரவில் விளக்கை அணைக்கச் சம்மதிக்கிற பிள்ளையா, இல்லையா என்பது உங்களுக்குத்தான் தெரியும். முதலில் நீங்கள் படியுங்கள், பிறகு முடிவு செய்யுங்கள்.

எல்லாக் கதாபாத்திரங்களையும் ஒரே நாட்டில் கூட்டி வைக்கும் தொடர் நாவல்களும் இருக்கின்றன, கிறிஸ் கோல்ஃபர் 2012இல் தொடங்கிய 'தி லேண்ட் ஆஃப் ஸ்டோரீஸ்' போல. வேகமாக ஓடும், கனமான புத்தகத்தைப் பயமில்லாமல் தூக்கிப் பழக உதவும். நான் மேலே சொன்ன ஓட்டைகளில் அவை அதிக நேரம் நிற்பதில்லை என்பதால் என் மேஜையில் அவற்றுக்கு இரண்டாம் வரிசை. வேறு நூலகரைக் கேட்டால் முதல் வரிசை என்று சொல்லக்கூடும்.

எதை முதலில் படிப்பது என்ற கேள்விக்கு என் பழக்கம் இதுதான். நாவலைக் கொடுப்பதற்கு முந்தின நாள், பழைய கதையை நீங்கள் வாயால் சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும். புத்தகமாகக் கொடுத்தால் அது ஒரு வீட்டுப்பாடமாகிவிடும். பெரோ, கிரிம், ஆண்டர்சன் கதைகளின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகள் காப்புரிமைக் காலம் கடந்தவை. குட்டன்பெர்க் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும், நீங்கள் படித்துக்கொண்டு தமிழில் சொல்லலாம். ரம்பெல்ஸ்டில்ட்ஸ்கினுக்கும் பனி ராணிக்கும் இது அவசியம், ஏனென்றால் நம் பிள்ளைகள் பலருக்கு அவை தெரியாது. பழைய கதை தெரியாமல் படித்தால் நாவல் புரியாமல் போகாது. ஆனால் எந்த இடத்தில் எழுத்தாளர் கைவைத்தார் என்று கண்டுபிடிக்கிற சந்தோஷம் போய்விடும். சின்ட்ரெல்லாவுக்கு உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஆரம்பமாகிவிட்டது.

அவள் கேட்ட கேள்விக்கே வருகிறேன். கிரிம் கதையில் அது இன்னும் கூர்மையாக இருக்கிறது. அங்கே இளவரசன் மூன்று நாள் அவளோடு ஆடுகிறான். அதற்குப் பிறகும், செருப்புக்காகக் கால்விரலை வெட்டிக்கொண்ட அக்காவைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறான். செருப்பில் ரத்தம் என்று புறாக்கள் சொன்ன பிறகுதான் திரும்புகிறான். அடுத்து குதிகாலை வெட்டிக்கொண்டவளோடும் அதேபோல. கடைசியில் சாம்பல் பெண்ணைக் கூப்பிடுகிறார்கள். வருவதற்கு முன் அவள் ஒரு காரியம் செய்கிறாள், கையையும் முகத்தையும் கழுவிக்கொள்கிறாள். செருப்பைப் போட்டுக்கொண்டு எழுந்து நிற்கும்போது இளவரசன் அவள் முகத்தைப் பார்க்கிறான், அடையாளம் தெரிகிறது. அப்படித்தான் அந்தக் கதையில் எழுதியிருக்கிறது. வீட்டில் இருந்தவரை அவள் முகத்தை மறைத்தது அடுப்புச் சாம்பல்.

நமக்குப் பக்கத்திலும் ஒரு பதில் இருக்கிறது. நாட்டார் கதைகளைத் தொகுத்த அறிஞர் ஏ.கே. ராமானுஜன் கன்னடத்திலிருந்து பதிவு செய்த 'ஹஞ்சி' என்ற கதையை ஆய்வாளர்கள் சின்ட்ரெல்லா வகையில்தான் சேர்க்கிறார்கள். அதில் செருப்பே கிடையாது. குழந்தைக்கு அப்படியே சொல்ல முடியாத ஒரு காரணத்துக்காக ஒரு தாய் தன் மகளுக்கு மண்ணால் முகமூடி செய்து மாட்டி வெளியூருக்கு அனுப்புகிறாள். அவள் ஒரு பணக்கார வீட்டில் சமையல் வேலைக்குச் சேர்கிறாள். ஒருநாள் முகமூடியைக் கழற்றிவிட்டு எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது அந்த வீட்டுப் பையன் பார்த்துவிடுகிறான். லெவினின் எலாவும் நடன விருந்துகளுக்கு முகமூடி போட்டுக்கொண்டு, வேறு பெயர் சொல்லிக்கொண்டுதான் போகிறாள். அவளுக்கு இளவரசனை முன்பே தெரியும்; அவன் தன்னை அடையாளம் கண்டுவிடக்கூடாது என்று அவள் பயப்பட வலுவான காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைச் சொன்னால் நாவலின் பாதியைச் சொன்னதாகிவிடும்.

சாம்பல், மண், முகமூடி. இந்த மூன்றையும் உங்கள் மகளிடம் சொல்லி, எது அவளுக்குச் சரியாகப் படுகிறது என்று கேளுங்கள். மூன்றுமே வேண்டாம் என்று நாலாவதாக ஒன்றை அவளே சொன்னால், அதை ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். முடிந்தால் இங்கேயும் வந்து எழுதுங்கள், படிக்க ஆசையாக இருக்கிறது.